பன்னிரண்டாவது ஆள்

ராய்ஸ் டாக்கெட் எங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்குத் தலைமைக் கோச்சாக வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அதுவரைக்கும் யாருக்காவது கீழே வேலை பார்த்தவர்தான். ஜார்ஜியாவில் ஒரு கல்லூரி, டென்னஸியில் ஒன்று, அலபாமாவில் இரண்டு. ஒவ்வொரு இடத்திலும் தலைமைக் கோச்சைத் தூக்கும்போது கூடவே இவரையும் தூக்குவார்கள். மனைவி லொரெய்ன் மறுபடியும் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். அப்படிப்பட்டவருக்குச் சொந்தமாக ஒரு அணி கிடைத்தது மிசிசிப்பியில், பெல்வின் என்கிற எங்கள் சின்ன ஊரில். முந்தின வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. எங்கள் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், சனிக்கிழமை ஆட்டத்தில் தோற்கிறவனைக் கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெரிய ஆட்கள் யாரும் அந்த வேலைக்கு வராததற்குக் காரணம் அதுதான்.

நான் வெர்லீன் மேப்ரி. அந்த அணியின் உடம்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, முட்டிக்கு ஐஸ் வைப்பது, மண்டையில் அடி வாங்கினவனை உட்காரவைத்து அவன் அம்மா பேர் என்ன என்று கேட்பது, ஆகஸ்ட் வெயிலில் எவனும் சுருண்டு விழாமல் காப்பது. பையன்கள் எல்லோருக்கும் நான் மிஸ் வெர்லீன். ஒருவன் ஆடலாமா கூடாதா என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. முன்னால் இருந்த கோச்சுகளோடு இதற்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல.

டாக்கெட்டோடு சண்டையே வரவில்லை. வந்த முதல் வாரமே என் அறைக்கு வந்து, பயிற்சியின்போது எங்கெங்கே தண்ணீர் வைக்கலாம் என்று கேட்டார். மைதானத்தின் நான்கு மூலையிலும் பீப்பாய் வைக்கச் சொன்னார். அடிக்கடி விசில் அடித்து எல்லோரையும் நிறுத்திக் குடிக்கவைத்தார். குடிக்காதவனைப் பக்கத்தில் நின்று குடிக்கவைத்தார். தண்டனையாக ஓடச் சொல்வது அவரிடம் கிடையவே கிடையாது. தடுப்பாட்டத்தைக் கவனித்துக்கொண்ட கிழட்டு ஸ்ட்ரவுட்டுக்கு இது பொறுக்கவில்லை. "என்ன மிஸ் வெர்லீன், இது ஃபுட்பாலா, சர்ச்சுப் பிக்னிக்கா? லெமனேடும் கேக்கும் எப்ப வருது?" என்று என்னிடம் கேட்பான். நானோ இத்தனை வருஷத்தில் ஒரு நல்ல மனிதர் வந்து சேர்ந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. பிற்பகல் வெயில் உச்சியிலிருந்து கொஞ்சம் சரியும் நேரத்தில் அவர் ஆட்டத்தைக் கவனிப்பதை விட்டுவிட்டு மைதானத்தின் தூர ஓரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். உதடு அசையும். பையன்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரியச் சில நாள் ஆயிற்று. எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார்.

செப்டம்பரில் முதல் ஆட்டம். கடைசிக் கட்டத்தில் நாங்கள் சில புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிற டிவிட், எதிரணியின் நடுவே பிளந்துகொண்டு போய்க் எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். கூட்டம் எழுந்து கூத்தாடியது. அப்புறம்தான் புல்லின் மேல் மஞ்சள் துணி கிடப்பதைப் பார்த்தோம். தப்பாட்டம் என்று நடுவர் கொடி போட்டிருந்தார். களத்தில் பதினொரு பேர்தான் இருக்கலாம், எங்கள் பக்கம் பன்னிரண்டு பேர் இருந்தார்களாம். டிவிட் எடுத்த புள்ளி செல்லாது.

டாக்கெட் நடுவரிடம் போய், யார் கூடுதலாக நின்றது என்று அமைதியாகக் கேட்டார். பட்டை சுற்றுவதற்காக நான் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தேன், அதனால் காதில் விழுந்தது.

"உங்க அறுபத்தெட்டாம் நம்பர் சட்டை. வெளிய போகச் சொல்லி ரெண்டு தடவ கையக் காட்டினேன் கோச். திரும்பிக்கூடப் பாக்கல பய."

டாக்கெட் எங்கள் பக்கம் திரும்பி வந்தார். எங்களிடம் அறுபத்தெட்டு என்று யாரும் இல்லை. சட்டைகளைக் கவனிக்கிற ஆளிடம் பிறகு விசாரித்தேன். அந்த எண்ணை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று கோச் வந்த அன்றே சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கோச்சுகள் உட்கார்ந்து ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். யாருக்கு என்ன அடி என்று சொல்வதற்காக நானும் போவேன். அந்த இடம் வந்ததும் ஸ்ட்ரவுட் படத்தை நிறுத்தி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். பதினொன்று. இன்னொருத்தர் எண்ணினார். பதினொன்றுதான். "நடுவர் ஆட்டத்துக்கு முன்னாடி எத்தனை பீர் ஊத்திக்கிட்டு வந்தாரோ" என்றான் ஸ்ட்ரவுட். எல்லோரும் சிரித்தார்கள். டாக்கெட் சிரிக்கவில்லை. படத்தை ஓடவிடச் சொன்னார். டிவிட்டுக்கு வழி பிளந்து கொடுக்கிற தடியர்கள் வரிசையில், இடது பக்கம், எதிரணிக்காரன் ஒருவன் யாரும் தொடாமலே பின்னால் தூக்கி எறியப்பட்டான். இருநூற்றைம்பது பவுண்டு ஆள். தரையில் விழுந்தபிறகும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தான்.

ஸ்ட்ரவுட் படத்தை அணைத்தான். அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

அந்தப் பருவம் முழுக்க இப்படித்தான் போயிற்று. வேறு ஊர், வேறு நடுவர்கள், அதே கொடி. ஜாக்சன் பத்திரிகைக்காரன் ஒருவன், பெல்வின் கோச்சுக்கு ஒரு பொட்டலம் சுண்டுவிரல் நீள மெழுகுவர்த்திகளை அனுப்பப்போகிறேன், கேக்கில் குத்தி எண்ணிப் பழகட்டும் என்று எழுதினான். முடி வெட்டுகிற கடையில் அவருக்கு 'டஜன் டாக்கெட்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கேலியில் விஷம் இல்லை. ஏனென்றால் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம். எல்லா நடுவர் கண்ணிலும் அந்த அறுபத்தெட்டு பட்டுவிடுவதில்லை. படாத நாட்களில் எங்கள் இடது பக்கம் கதவு திறந்தமாதிரி திறந்துகொள்ளும்.

டிவிட் ஒருநாள் என் மேஜையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி சொன்னான். "மிஸ் வெர்லீன், நான் பைத்தியம்னு நெனைக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன். பந்து கைக்கு வந்ததும் எனக்கு முன்னாடி ஒருத்தன் ஓடுறான். முதுகு மட்டும் தெரியும். அவன் மேல மோதிடாம ஓடினாப் போதும், வழி அவனே பாத்துக்குவான்."

அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்புறம், மூச்சு வாங்குவது மட்டும் கேட்கும் என்றான். "ரொம்ப மோசமா இரைக்குது. அவன நீங்கதான் ஆட விடுறீங்களா?"

அன்றைக்கு மாலை நான் நேராக டாக்கெட்டின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அறுபத்தெட்டு யார் என்று கேட்டேன். அவர் மறைக்க முயலவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவர் மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

பையன் பெயர் ஆர்லிஸ் பூன். ஜார்ஜியாவில், பீக்கன் கொட்டை மரத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு கிராமத்துக்காரன். தாயில்லாதவன், தகப்பன் ஹோலிஸ் பூன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். டாக்கெட் அப்போது ஜார்ஜியாக் கல்லூரியில் முன்வரிசைக்காரர்களுக்குக் கோச். பையனை அணியில் சேர்க்க அவரே அந்த வீட்டுக்குப் போனார். பூன் குடும்பத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் வெள்ளைக்காரர் அவர்தானாம். பன்றிக் கறியும் கீரையும் சோள ரொட்டியும். உங்கள் மகனை என் மகனாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று தகப்பனிடம் சொன்னார். பையன் அவர் பின்னாலேயே சுற்றினான். "எனக்குன்னு ஒரு அணி கெடைக்கிற அன்னிக்கு, மொத ஆளா உன்னத்தான்டா எறக்குவேன்" என்று அவனிடம் ஒரு நாள் சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல். அதற்கு முந்தின நாள் பயிற்சிக்கு ஆர்லிஸ் தாமதமாக வந்திருந்தான். தலைமைக் கோச் அவனை மைதானத்தைச் சுற்றி ஓடவிடச் சொன்னார். பொறுப்பு டாக்கெட்டுடையது. வெயில் தாங்கவில்லை. பையன் அவர் முன்னால் நின்று தண்ணீர் கேட்டான். அவர் தரவில்லை. போதுமா கோச் என்று கேட்டான். நான் போதும் என்று சொல்லும்வரை ஓடு என்றார். அவன் "சரி சார்" என்றுவிட்டு ஓடினான். தூர ஓரத்துக்குப் போனான். டாக்கெட் வேறு யாருடனோ பேசத் திரும்பினார். மறுபடி பார்த்தபோது ஓரத்தில் யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.

இதயத்தில் பிறவிக் கோளாறு என்று கல்லூரி சொன்னது. பையன் ஒரு வார்த்தைகூட முனகவில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னது. டாக்கெட்டும் அதையே தகப்பன் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"நான் போதும்னு சொல்லவே இல்ல, வெர்லீன்" என்றார் என்னிடம். "அதான் இன்னும் ஓடிக்கிட்டிருக்கான். எனக்கு அணி கெடச்சதும் வந்துட்டான்."

அப்படியானால் இப்போது சொல்லுங்கள் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னும் மூன்று ஆட்டங்கள்தான் பாக்கி என்றார். பருவம் முடியட்டும் என்றார்.

பருவம் முடிந்தது. நாங்கள் எங்கள் பிரிவில் முதலிடம். அவர் சொல்லவில்லை. டெக்ஸஸிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் பெரிய கல்லூரிகளின் தொப்பி வைத்த ஆட்கள் வந்து அவரோடு கேட்ஃபிஷ் சாப்பிட்டார்கள். இன்னும் இரண்டு வருஷம் இப்படி ஜெயித்துக் காட்டு, பெரிய இடம் உனக்குத்தான் என்று பேச்சு. லொரெய்ன் முதல்முறையாகத் திரைச்சீலை வாங்கி மாட்டினாள். நான் அவரைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் கண்ணால் கேட்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். செத்துப்போனவனிடம் வேலை வாங்குவதற்கும் ஒரு மனிதன் பழகிப்போகலாம் என்பதை அந்த இரண்டாவது வருஷத்தில்தான் பார்த்தேன். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஆட்டம் கைமீறிப் போகிறபோது இடது பக்கமே பந்தைக் கொடுக்கச் சொன்னார். மைதானத்து மூலைப் பீப்பாய்கள் அப்படியேதான் இருந்தன. அவர் நல்லவராகத்தான் நடந்துகொண்டார், உயிரோடு இருந்தவர்களிடம்.

மூன்றாவது வருஷம் ஆகஸ்டில் குவின்சி த்ரெட்கில்லுக்கு ஏதோ ஆயிற்று. குவின்சி எங்கள் முன்வரிசையில் இடது பக்கத்தில் நிற்கிறவன். கலகலவென்று இருப்பான், சாப்பாட்டு வரிசையில் இரண்டாம் முறை வந்து நின்றுகொண்டு நான் குவின்சியின் தம்பி என்பான். அந்தக் கோடையில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பயிற்சி முடிந்து எல்லோரும் உள்ளே போனபிறகும் மைதானத்தைச் சுற்றி ஓடினான். உள்ளே வாடா என்று கூப்பிட்டால் வருவான், ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அவன் காலணி வைத்த இடம் காலியாக இருக்கும். தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு நான் திரும்பியதும் துப்பிவிடுகிறான் என்று கண்டுபிடித்தேன். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் குடுத்தா எப்படி மிஸ் வெர்லீன்? பக்கத்துல ஓடுறவனுக்கும் தாகமா இருக்குல்ல" என்றான். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னான்.

அன்றைக்கே அவனைப் பயிற்சியிலிருந்து நிறுத்தினேன். அவன் அம்மாவுக்குப் போன் செய்து அழைத்துப்போகச் சொன்னேன். அவள் வந்து சேருவதற்குள், மதியச் சாப்பாட்டு வேளையில், அவன் என் அறையில் படுக்கவைத்திருந்த இடத்திலிருந்து எழுந்து வெளியே போய்விட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளையாகக் காய்கிற வெயிலில் குவின்சி தனியாக ஓடிக்கொண்டிருந்தான். ஓரமாக, கோட்டை ஒட்டி, தன் உள்பக்கம் இன்னொருத்தனுக்கு இடம் விட்டு ஓடினான். திருப்பத்தில் முழங்கை இடிக்காதபடி ஒதுங்கிக்கொண்டான்.

நான் போய்ச் சேரும்போது விழுந்திருந்தான். வியர்வையே இல்லை, தோல் அடுப்பிலிருந்து எடுத்த தட்டு மாதிரி கொதித்தது. நானும் ஸ்ட்ரவுட்டும் சட்டைகளைக் கவனிக்கிற ஆளுமாக இழுத்துக்கொண்டு போய் ஐஸ் தொட்டியில் தலை மட்டும் வெளியே இருக்கிறமாதிரி போட்டோம். கேலி பேசுகிற ஸ்ட்ரவுட் அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, "இருடா கண்ணா, இருடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். டாக்கெட் வாசலில் வந்து நின்றார். குவின்சி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். பிறகு அவன் வாயிலிருந்து வந்த குரல் குவின்சியுடையது இல்லை. ஜார்ஜியாக் கிராமத்துப் பேச்சு, கொஞ்சம் பெண்மை கலந்த இளசான குரல்.

"போதுமா கோச்?"

ஆம்புலன்ஸ் வந்து பையனை ஏற்றிக்கொண்டு போனது. பிழைத்துவிட்டான். அந்தச் செய்தி வந்தபிறகுதான் டாக்கெட் வாசல்படியிலிருந்து எழுந்தார். என்னோடு வாருங்கள் என்றார். மைதானத்துக்குப் போனோம். சாயங்கால வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. துளிக் காற்று இல்லை, வெட்டுக்கிளிச் சத்தம்கூட இல்லை. அவர் நடுவில் போய் நின்றுகொண்டு ஒரு நீண்ட விசில் கொடுத்தார்.

"ஆர்லிஸ்" என்றார். தூர ஓரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ஆர்லிஸ், போதும்டா மகனே. முடிஞ்சுது. நீ தண்ணி கேட்ட, நான் குடுக்கல. தப்பு என்னோடது. வீட்டுக்குப் போ."

பிறகு தூர ஓரத்தில் புல் ஒரு கோடாகச் சாய ஆரம்பித்தது. வளைவில் திரும்பியது. எங்களை நோக்கி வந்தது. எனக்கும் டாக்கெட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஒரு சூடு கடந்துபோயிற்று. வெந்த புல்லும் வியர்வையும் கலந்த வாடை, காது பக்கத்தில் அந்த இரைப்பு. வாசலுக்குப் போகிற சிமெண்ட் பாதையில் அடியில் குமிழ் வைத்த ஆட்டக் காலணிச் சத்தம் டக்டக்கென்று கேட்டது. அப்புறம் தார்ச்சாலையில். போகச் சொன்னபிறகும் அவன் ஓடித்தான் போனான். டாக்கெட் புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கொடி விழவில்லை. இடது பக்கமும் திறக்கவில்லை. செப்டம்பரில் ஆடினதெல்லாம் தோல்வி. டிவிட் படிப்பு முடித்துப் போயிருந்தான், இடது பக்கத்தில் புதிதாக நின்றவன் நல்ல பையன், அவ்வளவுதான். தொப்பி வைத்தவர்கள் வருவது நின்றது. முடி வெட்டுகிற கடையில் இப்போது பெயர் சொல்லாமல் 'அந்த ஆள்' என்றார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்கெட் என்னை ஜார்ஜியாவுக்குத் துணைக்கு அழைத்தார். லொரெய்னைக் கூட்டிப்போக அவருக்குத் தைரியம் வரவில்லை. விடிந்ததும் கிளம்பிப் பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். பீக்கன் மரங்களுக்கு நடுவில் வெள்ளை வீடு. ஹோலிஸ் பூன் படிக்கட்டில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உயரமான கிழவர். டாக்கெட்டைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க கோச், உக்காருங்க" என்றார். செருப்பை லேசாக இழுத்து இழுத்து நடந்துபோய் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

டாக்கெட் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பையன் தண்ணீர் கேட்டது, தான் தராதது, பொய் சொன்னது. கிழவர் கையிலிருந்த கொட்டையை உடைக்காமல் உருட்டிக்கொண்டே கேட்டார். இதயக் கோளாறு என்று சொன்னதை ஒருநாளும் நம்பவில்லை என்றார். பிறகு டாக்கெட் பெல்வினில் நடந்ததையும் சொன்னார். அங்கேதான் கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் உங்கிட்டயா இருந்தான்?"

இதுவரை மரியாதையாகப் பேசினவர், சட்டென்று மாறிப்போனார்.

"செத்த வருஷத்துலேர்ந்து அவன் இங்கதான் ஓடுவான். சாயங்கால வேளையில இந்த வீட்டச் சுத்திச் சுத்தி. மொதல்ல பயந்தேன், அப்புறம் வேலை முடிஞ்சதும் அதுக்காகவே இங்க வந்து உக்காருவேன். ரெண்டு வருஷம் முன்னாடி, ஆகஸ்டுல ஒருநாள் நின்னுபோச்சு. சரி, எம்புள்ளைக்கு ஓய்வு கெடச்சிருச்சுன்னு சர்ச்சுல போய் நன்றி சொன்னேன். நீ கூப்பிட்டு வச்சிக்கிட்டியா?"

டாக்கெட் கூப்பிடவில்லை என்று சொல்லப்போனார். சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப எங்க?"

வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன் என்றார் டாக்கெட். ஆகஸ்டு மாதமே.

கிழவர் எழுந்து தோப்பின் நான்கு பக்கமும் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். இலைகள் அசையவில்லை. "வரலயே" என்றார். "இங்க வரலயே." அந்த வார்த்தைக்குப் பிறகு அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை நிருபர்களுக்கு வாராவாரம் கல்லூரி போடுகிற சாப்பாட்டின்போது, யார் காலில் அடி, யார் அடுத்த ஆட்டத்தில் இறங்குகிறார்கள் என்று வழக்கமாகச் சொல்கிற இடத்தில், டாக்கெட் ஆர்லிஸ் பூனின் சாவைப் பற்றிச் சொன்னார். தண்ணீர், ஓட்டம், பொய். பேய் என்று ஒரு சொல் சொல்லவில்லை. கோழி வறுவலைத் தின்றுகொண்டிருந்தவர்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஜார்ஜியாக் கல்லூரிக்காரர்கள் வக்கீல்களை வைத்து மறுத்தார்கள். எங்கள் கல்லூரித் தலைவர் அவரைக் கூப்பிட்டு, அந்த வாரத்தோடு போதும் என்றார். அதற்குப்பின் எந்தக் கல்லூரியும் அவரை எடுக்கவில்லை, பள்ளிக்கூடம்கூட எடுக்கவில்லை. லொரெய்ன் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு தன் அக்காவின் ஊருக்குப் போனாள்.

டாக்கெட் ஜார்ஜியாவுக்கே போய்விட்டார். அந்தக் கிராமத்தில் பீக்கன் கொட்டை உடைக்கிற ஆலையில் வேலை. சாயங்காலங்களில் ஹோலிஸ் பூன் வீட்டுக்குப் போவார். கிழவர் அவரை மன்னித்தாரா என்று கேட்டேன், அந்தப் பேச்சே எடுத்ததில்லை என்றார் போனில். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார்களாம். சில நாள் கிழவர் வராதே என்று வேலியிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம். எப்போது போன் செய்தாலும் நான் கேட்பேன், வந்தானா என்று. இல்லை என்பார். கிழவரும் தன் பங்குக்குத் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாராம், அந்தப் பக்கம் ஒரு பையன் ஓடிப்போனதைப் பார்த்தீர்களா என்று. ஊரில் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படியே சில வருஷம் ஓடிற்று. ஒரு குளிர்காலத்தில் ஹோலிஸ் பூன் இறந்துபோனார். வேறு உறவில்லை. வீட்டை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று பாதிரியார் டாக்கெட்டிடம் சாவியைக் கொடுத்தார். போன மாதம் டாக்கெட் எனக்குப் போன் செய்தார். குரலில் அவசரமில்லை.

"வெர்லீன், நேத்து சாயங்காலம் கேட்டுச்சு."

ஓடினானா என்று கேட்டேன்.

"இல்ல. நடக்குற சத்தம். மெதுவா, வீட்டச் சுத்தி. ஒரு ஆளு இல்ல, ரெண்டு பேரு. ஒருத்தர் செருப்பு லேசா இழுக்குது."

வெளியே போய்ப் பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லை என்றார். அடுப்படியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு பேரும் படிக்கட்டுப் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிற்பார்களாம், அப்புறம் மறுபடி நடப்பார்களாம். கூப்பிடுவார்களோ என்று காத்திருந்தாராம். யாரும் கூப்பிடவில்லை. அவர்களுடைய வீட்டில் தான் இருப்பது அவர்களுக்குச் சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை என்றார். கதவைப் பூட்டினீர்களா என்று கேட்டேன்.

இல்லை, திறந்துதான் வைத்திருக்கிறேன் என்றார்.